இடுக்கில் நாற்பது நிமிடம்

புதன்கிழமை, காலை பத்து மணி

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் நலம். இது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. மிச்சத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு நாம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது பேத்தி குறுக்கே புகுந்து, "பாட்டி, தாத்தா குகைக்குள்ள மாட்டிக்கிட்டாரு!" என்று கத்தினாளே, ஞாபகம் இருக்கிறதா? உடனே பெரியவள் போனைப் பிடுங்கி, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, அப்பா செருப்பு மாட்டிக்கிச்சு" என்று சிரித்து மழுப்பினாள். நீ "அப்படியா" என்றாய். உன் "அப்படியா"வோடு முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்தவன் நான். நம்பினால் "சரி" என்பாய். நம்பாதபோதுதான் "அப்படியா" வரும்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே இவர்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தில் நடுநாயகமாக வைக்கிறார்கள். அங்கே சின்னவன் வீட்டிலும் அப்படித்தான். நான் இருமினால் ஏழு பேர் கேட்கிறார்கள். நமக்குள் பேசிக்கொள்ள என்று ஒரு பேச்சு இருந்தது. அது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துகொண்டு வருகிறது. அங்கே தபால்பெட்டியைத் திறப்பது உன் வேலை என்று ஒருமுறை சொன்னாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். இப்போது வீட்டில் யாரும் இல்லை.

குட்டிக்குப் பள்ளியில் நாலு நாள் விடுமுறை விட்டார்கள். மாப்பிள்ளை நாலு நாள் லீவு போட்டுவிட்டு, எங்கேயாவது சுற்றுலா போகலாம் என்றார். குகைக்குள் ஒரு குளம் இருக்கிறதாம், யாரும் வெட்டாதது, தானாக உண்டானது, ஊர் ஊராக ஆட்கள் வந்து இறங்கிக் குளிக்கிறார்களாம். படமெல்லாம் காட்டினார். நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். "உங்களத் தனியா விட்டுட்டு எப்படிப்பா போறது?" என்றாள் பெரியவள். பாசத்தில்தான் சொன்னாள். ஆனாலும் வளர்க்கிற நாய்க்குட்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரி எனக்குப் பட்டது. மறு பேச்சுப் பேசாமல் கிளம்பினேன். மூன்று மணி நேரம் கார்ப் பயணம். குட்டி புறப்படும்போதே ஊதிவிட்ட ரப்பர் வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மூடி வீட்டிலேயே விழுந்துவிட்டது.

அங்கே நல்ல கூட்டம். டிக்கெட் ஜன்னல், செருப்பு வைக்க ஓர் இடம், துணிமணி வைத்துப் பூட்ட இரும்புப் பெட்டிகள். இறங்குவதற்கு முன்னால் எல்லோரும் குழாயடியில் நின்று குளித்தாக வேண்டும் என்றார்கள். உடம்பில் பூசியிருக்கும் எண்ணெயும் கிரீமும் கலந்தால் குளத்து மீன்கள் செத்துப்போகுமாம். குளிக்க வந்தவனைக் குளித்துவிட்டு வா என்று அனுப்புகிற இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன். அப்புறம் ஆளுக்கொரு மிதவை ஜாக்கெட் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறம், உள்ளே கனமான பஞ்சு மாதிரி ஏதோ திணித்தது. யார் யார் வியர்வையோ அதில் இருந்தது.

கூட்டிக்கொண்டு போக ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் விசில், இடுப்பில் ஒரு சின்னக் கத்தி, எந்நேரமும் ஈரமான தலை. குட்டி அவளுக்கு விசில் ஆன்ட்டி என்று பெயர் வைத்துவிட்டாள். எண்பத்தாறு இரும்புப் படி கீழே இறங்கினோம். எண்ணிக்கொண்டே இறங்கினேன், பழக்கதோஷம். இரண்டு இடத்தில் போல்ட் துருப்பிடித்திருந்தது. அதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "இங்கயும் வேலையா மாமா?" என்று சிரித்தார்.

படி முடிந்த இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து ஒரு வழி. அதைத் தாண்டித்தான் குளம். அங்கே வேலை செய்கிறவர்கள் அதை 'இடுக்கு' என்கிறார்கள். பதினைந்து அடி நீளம்தான். தண்ணீர் நெஞ்சு மட்டம். சுவரில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போக வேண்டும். நடுவில் பாட்டில் கழுத்து மாதிரி குறுகும். விசில்காரப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயா, நீங்க மட்டும் ஜாக்கெட்டக் கழட்டித் தலைக்கு மேல பிடிச்சுக்கோங்க. நண்டு மாதிரிப் பக்கவாட்டுல நடங்க. அந்தப் பக்கம் போனதும் மாட்டிக்கலாம்" என்றாள். எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் குட்டி அந்தப் பக்கம் போய்விட்டுத் தாத்தா தாத்தா என்று கூப்பிடுகிறாள். கழற்றினேன், நடந்தேன், போய்விட்டேன். அவ்வளவு சுலபம்.

குளத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. கல்யாண மண்டபம் அளவு ஒரு குகை. கூரையில் ஓர் ஓட்டை. அது வழியாக வெயில் ஒரே கம்பாகத் தண்ணீருக்குள் இறங்கி அடிவரை போகிறது. மேலே நிற்கும் மரத்தின் வேர்கள் முப்பது அடிக்குத் தொங்குகின்றன. தண்ணீர் நீலம். கையில் அள்ளினால் நிறமே இல்லை. ஜாக்கெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தேன். தண்ணீர் என்னைத் தூக்கிப் பிடித்தது. இந்த வயதில் என்னை யாரோ தூக்கி வைத்திருக்கிறார்கள்! காது இரண்டும் தண்ணீருக்குள் இருந்ததால் ஒரு சத்தமும் இல்லை. 'அவள் இதைப் பார்க்கவில்லையே' என்று நினைத்தேன். உடனே, இந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்து நீ பார்க்காதது எத்தனை, அங்கே நீ பார்த்து நான் பார்க்காதது எத்தனை என்று யோசித்தேன். அதோடு மிதக்கிற சுகம் போய்விட்டது. எழுந்து பாறையில் உட்கார்ந்தேன்.

விசில் ஊதிவிட்டாள். எங்கள் நேரம் முடிந்தது, அடுத்த கூட்டம் மேலே காத்திருக்கிறது. விசில்காரப் பெண் முதலில் போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். மாப்பிள்ளை குட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்து நான். எனக்குப் பின்னால் பெரியவள், அவளுக்குப் பின்னால் ஒரு பதினொரு பேர். குளத்துப் பக்கம் நின்ற ஊழியர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கையை வீசிக்கொண்டே இருந்தார். அந்த அவசரத்தில் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும் என்பதை நான் மறந்தேன். அவரும் சொல்லவில்லை, பெரியவளும் கவனிக்கவில்லை.

கழுத்து மாதிரி இருக்கும் இடத்தில் ஜாக்கெட் மேலே ஏறி, முதுகுப்பக்கம் ஒரு பாறை மூக்கில் மாட்டிக்கொண்டது. விடுவிக்கத் திரும்பினேன். திரும்பியது தப்பான பக்கம். நெஞ்சிலிருந்த கொக்கி முன்சுவரில் அழுந்திவிட்டது. வலது கை முன்னால் கயிற்றில், இடது கை பின்னால் பெரியவள் பக்கம். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பயம் வந்தால் ஆள் மூச்சை இழுப்பான், விடமாட்டான். இழுக்க இழுக்க நெஞ்சு விரிந்தது. விரிய விரிய இறுக்கம் கூடியது.

முதல் ஐந்து நிமிஷம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னால் யாரோ, "ஐயா, கதவத் தொறங்க, நாங்க வீட்டுக்குப் போகணும்" என்று கேலி பண்ணினார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் குளிர ஆரம்பித்தது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. என் முகத்துக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. நான் விடும் மூச்சு என் முகத்திலேயே வந்து மோதியது.

விசில்காரப் பெண் முன்பக்கமாக வந்து கையை நுழைத்துப் பார்த்தாள். கொக்கிக்கு எட்டவில்லை. தோள்பட்டை நாடா இரண்டையும், தன் பக்கம் இருந்த விலா நாடாவையும் கத்தியால் அறுத்தாள். ஆனால் நெஞ்சுக்கும் முதுகுக்கும் நடுவில் சிக்கிய அந்தப் பஞ்சு நகரவில்லை. "பயப்படாதீங்க ஐயா. காத்து நல்லா வருது. பிடிச்சு இழுக்காதீங்க. பத்து நிமிஷத்துல வெளிய வந்துடலாம்" என்றாள்.

அது என் வசனம். முப்பத்தாறு வருஷ லிஃப்ட் வேலையில், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் நான் சொன்ன அதே வார்த்தைகள். பயப்படாதீங்க, காத்து வரும், கதவப் பிடிச்சு இழுக்காதீங்க, பத்து நிமிஷத்துல வந்துடுவேன். ஊரின் அந்தக் கோடியில் சாப்பிட்டுக்கொண்டே பத்து நிமிஷம் என்று சொல்லியிருக்கிறேன். மேலே மோட்டார் அறைக்குப் போய், பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, மாடிக்குச் சமமாகக் கொண்டுவந்து கதவைத் திறப்பேன். உள்ளே இருப்பவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். வீட்டுக்கு வந்து உன்னிடம் அவர்களைப் போல நடித்துக் காட்டுவேன். ஒரு பல் டாக்டர் கதவைத் திறந்த பிறகும் வெளியே வராமல் அப்படியே நின்றாரே, அதைக்கூடச் சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

என்னால் மூச்சை வெளியே விட முடியவில்லை என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். "யாருகிட்டயாவது பேசுங்க ஐயா. பேசினா மூச்சு தானா வெளிய போகும். நெஞ்சு இறங்கும். நான் அப்ப இழுத்துடறேன்."

"என்னத்தப் பேசறது?"

"வீட்ல அம்மா வரலையா?"

"அவ இங்க இல்ல. வெளிநாட்டுல பையன் வீட்ல இருக்கா."

"இருக்கறதா நெனச்சுக்கிட்டுப் பேசுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க."

என்ன பேசினேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். நான் சொல்லாமல் விட்டாலும் பெரியவள் என்றாவது உன்னிடம் சொல்லுவாள். முதலில் ஏதேதோ உளறினேன். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியின் மூடி சரியாகப் போடவில்லை என்றேன். உன் மூக்குக்கண்ணாடிக் கூடு அலமாரியில் இருக்கிறது என்றேன். அப்புறம் என்னையறியாமல் வந்துவிட்டது. "நீ எப்ப வருவே? ஆறு மாசம்னுதானே போனே? ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. வேளாவேளைக்குச் சாப்பாடு. குட்டியக் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டு வர்றேன். ராத்திரி அவ மேல்கட்டில்ல, நான் கீழ்க்கட்டில்ல. ஆனா எனக்குன்னு ஒரு கதவு இல்ல. உன்கிட்டப் பேசக்கூட ஒரு கதவு இல்ல. பொண்ணு மனசு கஷ்டப்படும்னு சொல்லாம இருக்கேன். பையன் மனசு கஷ்டப்படும்னு நீ சொல்லாம இருக்கியா? இல்ல உனக்கு அங்கயே பிடிச்சுப்போச்சா? அதயாவது சொல்லித்தொலை."

கடைசிச் சொல்லில் மூச்சு முழுதும் வெளியே போயிருக்க வேண்டும். அவள் என் கையைப் பிடித்து ஒரே இழுப்பு. ஜாக்கெட் பாறையிலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் வந்தேன். நெஞ்சில் நீளமாக ஒரு சிராய்ப்பு. இப்போது காய்ந்துவிட்டது, பயப்படாதே. மொத்தம் நாற்பது நிமிஷம் என்று மாப்பிள்ளை சொன்னார்.

எனக்குப் பின்னால் பெரியவள் வந்தாள். அத்தனையும் கேட்டிருக்கிறாள். என் இடது கையை அவள்தான் அந்த நேரம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசிய வேகத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

மேலே வந்து எல்லோரும் டீ குடித்தோம். பெரியவள் துண்டால் என் தலையைத் துவட்டிவிட்டாள், சின்னப் பிள்ளைக்குத் துவட்டுகிற மாதிரி அழுத்தி. வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில்தான் கேட்டாள். "நாங்க உங்கள அடைச்சா வச்சிருக்கோம்?"

"சேச்சே, இல்லம்மா. ஏதோ பயத்துல உளறிட்டேன்" என்றேன்.

"குகைக்குள்ள நீங்க பொய் சொல்லலப்பா. இப்பத்தான் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் இந்த வீட்டில் கரண்டிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. எனக்கு மறுபடியும் இடுக்கில் நிற்பது போல இருந்தது. என் மகள் கெட்டவளா? இல்லவே இல்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து, எனக்கு உப்புக் குறைத்துத் தனியாகச் சமைத்து வைத்துவிட்டுப் போகிறவள். அவள் மனதை நோகடித்துவிட்டேன். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை.

மூன்றாம் நாள் என் டீக்குப் பக்கத்தில் நம் வீட்டுச் சாவிக்கொத்தை வைத்தாள். குட்டியைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேன் பேசிவிட்டதாகச் சொன்னாள். "நீங்க எப்பப் போகணும்னு தோணுதோ அப்பப் போங்கப்பா. ஆனா தம்பிகிட்ட நான் பேசமாட்டேன். அம்மாவுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. பிள்ளைகள் இரண்டு பேரும், மாப்பிள்ளையும் மருமகளுமாக உட்கார்ந்து, அப்பா இங்கே, அம்மா அங்கே, ஆறு மாசத்துக்குத்தானே என்று பேசிய அன்று, நீ தலையாட்டினாய். உனக்கு ஆசை என்று நினைத்து நானும் ஆட்டினேன். அதற்கப்புறம் நாம் தனியாக உட்கார்ந்து பேசவே இல்லை. பெட்டி கட்டுவதில் நாள் போய்விட்டது.

நேற்று நம் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். பூட்டுக்கு எண்ணெய் விட்டுத்தான் திறக்க முடிந்தது. குழாயைத் திறந்ததும் முதலில் காற்று வந்தது, அப்புறம் துரு நிறத்தில், அப்புறம் நல்ல தண்ணீர். ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்தேன். எதிர்வீட்டு டீச்சர் வந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் வந்துட்டீங்களா?" என்று கேட்டார். "ஒருத்தர்தான்" என்றேன். உன் செடி இரண்டு போய்விட்டது. ஒன்று அவர் தண்ணீர் ஊற்றியதால் பிழைத்திருக்கிறது. உன் தையல் மெஷினை உறையை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

இந்தக் கடிதம் வந்து சேர்ந்த பிறகு வரும் ஞாயிறு நாம் பேசுவோம். அப்போதும் எல்லோரும் இருப்பார்கள். உனக்கு வர விருப்பம் என்றால், பேச்சோடு பேச்சாக, "முடி வெட்டிக்கிட்டீங்களா?" என்று கேள். எனக்குப் புரிந்துவிடும். விருப்பம் இல்லையென்றால் கேட்காதே. பேரப்பிள்ளையோடு நீ அங்கே சந்தோஷமாக இருக்கலாம். அது குற்றமில்லை. தாங்கிக்கொள்வேன் என்று பெருமையாக எழுத மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

குளிரில் காலுறை போட்டுக்கொள். மாத்திரையை மறக்காதே.

உன் பதிலுக்காக,
உன் வீட்டுக்காரன்

* * *

செவ்வாய்க்கிழமை

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் பதினோரு நாளில் வந்தது. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை மருமகள் கதவைத் தட்டி, "அத்தை, வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று முழுக்க எனக்குக் கஞ்சிதான் கிடைத்தது.

முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். நாற்பத்து நாலு அங்குல மார்பு உங்களுக்கு. இருபது வருஷம் சட்டைக்கு அளவெடுத்தவள் சொல்கிறேன். அதன் மேல் இரண்டு அங்குலப் பஞ்சை மாட்டிக்கொண்டு பாறைக்குள் நுழைகிறவரை என்ன சொல்வது? நீச்சலும் தெரியாது. அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும், அவள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். சிராய்ப்புக்கு மருந்து போட்டீர்களா இல்லையா என்று எழுதவே இல்லை.

அடுத்தது, உங்கள் ஞாபகம் ஓர் இடத்தில் தப்பு. அன்றைக்கு முதலில் தலையாட்டியது நீங்கள். நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஆட்டியதால்தான் நான் ஆட்டினேன். இதை நினைத்து நினைத்து எத்தனை நாள் உங்கள் மேல் கோபமாக இருந்திருக்கிறேன் தெரியுமா? போனில் "அப்படியா, அப்படியா" என்று நான் சொன்னதில் பாதி அந்தக் கோபம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் முடி வெட்டுவதைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் குரல் அப்படியே இறங்கிப்போனது கேட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அறுபத்தொரு வயதில், பெற்ற பிள்ளைக்கு முன்னால், திருடர்கள் மாதிரி சங்கேதம் பேச எனக்கு மனசு வரவில்லை. போனை வைத்த கையோடு, சாப்பாட்டு மேசையில், நேராகவே சொன்னேன். "நான் ஊருக்குப் போகணும்."

சின்னவன் கரண்டியைக் கீழே வைத்தான். "ஏம்மா, இங்க உனக்கு என்ன குறை?" என்றான்.

"ஒரு குறையும் இல்லப்பா. உங்கப்பா இல்ல, அவ்வளவுதான்" என்றேன்.

சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. அவனுக்குக் காது சிவந்துவிட்டது. மருமகள் எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள், இன்று சாப்பாடு அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அவள் என் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது உங்களோடது அத்தை. தொலைஞ்சிடக் கூடாதுன்னுதான் எங்க பெட்டியில வச்சேன். கேட்டிருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேன்" என்றாள். உண்மைதான். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. பாப்பாவைப் பகலில் விட ஒரு காப்பகத்தில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். இடம் கிடைக்க மூன்று மாதம் ஆகும். அதுவரை இருங்கள் என்றாள். நான் சரி என்றேன். உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் அந்தப் பெண்ணை நீங்கள் பார்க்கவில்லை. சட்டைத் தோளில் பால் கறையோடு வேலைக்கு ஓடுகிறாள். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பாப்பாவைத் தூக்குகிறாள். அவளுக்கு அம்மா இல்லை. நான் மட்டும்தான் இந்த வீட்டில் மாட்டிக்கொண்டேன் என்று இரண்டு வருஷமாக நினைத்தேன். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. பாதியில் விட்டுவிட்டு வர எனக்குக் கால் வராது.

ஆனால் நானும் ஆறு மாதம் என்று வந்தவள்தான். அதனால் தேதியைச் சொல்லச் சொன்னேன். சின்னவன் நாட்காட்டியில் ஒரு நாளைச் சுற்றி வட்டம் போட்டான். பென்சிலால் போட்டான். நான் பேனாவை எடுத்து அதன் மேலேயே இன்னொரு வட்டம் போட்டேன்.

நீங்கள் உண்மையை எழுதியதால் நானும் ஒன்று எழுதுகிறேன். இங்கே வாசல் கதவுக்குச் சாவி கிடையாது. எண்ணை அழுத்தினால்தான் திறக்கும். போன குளிர்காலத்தில் எண்ணை மாற்றினார்கள். புது எண்ணை எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். நானும் கேட்கவில்லை. வெளியே போய்க் கதவு சாத்திக்கொண்டால் திரும்ப உள்ளே வர முடியாது என்று, தபால்பெட்டி வரைக்கும் ஒரு நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போய்வருவேன். அதைத் தாண்டி ஐந்து மாதமாக எங்கும் தனியாகப் போனதில்லை. நேற்றுத்தான் எண்ணைக் கேட்டேன். வெறும் நாலு எண். சின்னவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். "இத்தனை நாளா ஏம்மா கேக்கல?" என்றான். நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா?

அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை ஆபீஸ் போகிற வழியில் போட்டுவிடுகிறேன் என்றான் சின்னவன். கொடுக்கவில்லை. தபால் நிலையம் இரண்டு சாலை தாண்டி இருக்கிறதாம். பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நானே போய்ப் போடப் போகிறேன்.

பெரியவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீட்டுக்கே குடிபோனாலும், வாரத்தில் இரண்டு நாளாவது அவள் வீட்டில் போய்ச் சாப்பிடுங்கள். இல்லையென்றால் அவள் நெஞ்சில் அது நின்றுவிடும். பிழைத்த அந்த ஒரு செடியை வெயிலில் வையுங்கள். வட்டம் போட்ட தேதியைக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த நாள் தாண்டியும் நான் வரவில்லையென்றால் போனில் எதுவும் கேட்காதீர்கள், எழுதவும் வேண்டாம். நேரில் கிளம்பி வந்துவிடுங்கள்.

அதுவரைக்கும் நாட்களை நீங்கள் எண்ண வேண்டாம். எண்ணினால் உங்களுக்கு இரத்த அழுத்தம் ஏறும். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே எண்ணிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி